இடைவேளைக்குப் பிறகு

பெப்ரவரி 15, ஞாயிறு

நித்திரை வரவில்லை. செல்வி அன்ரி கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

மத்தியானம் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவருடைய சாப்பாட்டுக் கடைக்குக் கொத்துரொட்டி வாங்கப் போனேன். இந்தக் கிழமைத் தமிழ்ப் பத்திரிகை கவுண்டரில் விரிந்து கிடந்தது. அதில் நான் எழுதிய திரைவிமர்சனம்.

"தம்பி, நீர் இந்தப் படத்தை முழுசாப் பாத்தனீரோ?"

"ஓம் அன்ரி."

"பிறகேன் 'வழமைபோல நாயகன் கடைசியில் எல்லோரையும் அடித்து வெல்கிறார்' எண்டு எழுதினனீர்? அவன் ஒருத்தரையும் அடிக்கேல்லை. தோத்துப்போய்ச் சாகிறான். நான் அழுதுகொண்டு வெளிய வந்தனான்."

பனி கொட்டுமுன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று இடைவேளையோடு எழும்பி வந்தவன் நான். பெரிய நடிகரின் படம், மிச்சம் எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். போன மாதம் நாலு பேர் இருந்த அரங்கில் ஒரு கலைப்படத்துக்கு மூன்று மணித்தியாலமும் அசையாமல் குந்தியிருந்தவனும் நான்தான்.

அன்ரி கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

"எங்கட படங்கள் உமக்குப் பிடிக்காது, அது தெரியும். ஆனா பாத்துப்போட்டுத் திட்டும்" என்று பார்சலை நீட்டினார்.

பத்திரிகை ஆசிரியருக்கு உண்மையை எழுதிவிடுவோம் என்று சற்றுமுன் கணினியைத் திறந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு நான் முன்கூட்டியே தொடங்கிவைத்த விமர்சனப் பக்கம் முன்னால் வந்து நின்றது. அதில் ஒரேயொரு சொல்தான் இருந்தது.

வழமைபோல.