உங்கள் சைக்கிளில் ஒரு கிலோ அல்வா

என் செல்ல அப்பா,

உங்கள் சைக்கிளில் இப்போது அல்வா வாசம் அடிக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், முழுதும் கேளுங்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு அது ஒரு வருடம் சும்மா சுவரில் தொங்கியது. சென்னைப் பெரியப்பா மகன் அதைக் கேட்டான். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "அம்பாசமுத்திரத்துல அத்தை வீடு வரைக்கும், ரெண்டு நாள் சாமானோட, பத்திரமா ஓட்டிக் காட்டு. சைக்கிள் உனக்கு. இல்லன்னா அவனுக்கு."

சாமானோடு! ஒரு வாழைப்பழத்துக்கு மேல் நீங்கள் அந்த ரேஸ் சைக்கிளில் எதையாவது ஏற்றியதுண்டா? கேரியர் மாட்டச் சட்டத்தில் ஒரு துளைகூடக் கிடையாது. சைக்கிள் கடை அண்ணாச்சி துளை போடும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். "ரெண்டே ஓட்டை பாப்பா, அதுக்கு வலிக்காது." எனக்கு வலித்தது. வேண்டாம் என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு படித்துப் படித்துக் கண்டுபிடித்தேன். சுமையைக் குறைத்துவிட்டால் கேரியரே தேவையில்லை. அம்மா பழைய மழைக்கோட்டை வெட்டி நீளப் பை ஒன்று தைத்தாள்; அதைச் சீட்டின் அடிக்கம்பியில் கட்டினோம். பையின் பட்டை உரசும் இடத்தில் பெயிண்ட் போகாமல் இருக்கப் பழைய டியூபைச் சுற்றினேன். பிரேக்குக்கு நடுவே நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் தடிமனான டயர். கைப்பிடியையும் உயர்த்தினோம், என் முதுகு உங்கள் முதுகு இல்லையே! எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று பல் பிரஷின் கைப்பிடியைக்கூட அறுத்தேன். புத்தகம் ஒன்றுதான். எது என்று முடிவு செய்யவே இரண்டு நாள் ஆயிற்று.

புறப்படுகிற காலையில் அம்மா ஒரு கிலோ அல்வாவைப் பையில் திணித்தாள். முந்தின மாலை டவுணில் வாங்கியது.

"அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ?"

பிரஷை அறுத்த நானே பையை இறுக்கிக் கட்டினேன். அல்வா இல்லாமல் போனால் அத்தை என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரியுமே.

அம்மா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். பத்தமடை தாண்டும்வரை சைக்கிள் பறந்தது, அப்பா! நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்து ஓர் இறக்கம். கீழே ரயில்வே கேட் மூடியிருந்தது. பின் பிரேக்கை அழுத்தினேன், வழுக்கியது. முன் பிரேக்கைப் பையப் பையப் பிடித்து, செருப்பைத் தரையில் தேய்த்து, கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "போதும்ட்டி. அது சென்னைக்கே போவட்டும்."

"பின் பிரேக் வழுக்குதும்மா!" என்றேன். அம்மா குனிந்து சக்கரத்தின் விளிம்பைத் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"நெய்யுல்லா இது!"

அல்வாவின் கனத்தில் பை தொய்ந்து, டயரில் உரசிக் கிழிந்திருக்கிறது. வெயிலில் உருகிய நெய், பிரேக் கட்டை பிடிக்கிற இடத்திலேயே ஒழுகியிருக்கிறது.

பக்கத்து வாய்க்காலில் துணி துவைத்த அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சைக்கிளுக்கு எண்ணெய்க் குளியலா?"

"எண்ணெய் இல்ல தாயி, நல்ல நெய்! கொஞ்சம் சோப்பு தாயேன்."

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு விளிம்பைத் தேய்த்தாள். நான் பஞ்சர் ஒட்டும் டப்பாவிலிருந்த உப்புத்தாளால் பிரேக் கட்டைகளைச் சுரண்டினேன். அந்த அக்காவுக்குப் பெரிய துண்டு அல்வா. மீதியை அம்மா ஸ்கூட்டரில் வைத்தாள். "மூணு தடவ பிரேக் பிடிச்சுக் காட்டு." மூன்று தடவையும் நச்சென்று நின்றது. "சரி, ஏறு. அல்வாவ ஏத்துனது என் தப்பு." அம்மா தன் தப்பை ஒப்புக்கொண்டாள் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

அம்பாசமுத்திரத்தில் அத்தை வாசலுக்கே ஓடிவந்தாள். "அண்ணன் சைக்கிளுல்லா! மூட்டையெல்லாம் கட்டியிருக்க, அண்ணன் பாத்தா வையாதா?" திட்டுவீர்களா அப்பா? அதற்குள் அவள் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்ன மைனி, அல்வா குறையுதே?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சைக்கிளா? சும்மா தொங்குனாத்தானய்யா குடுக்க முடியும். அது ஓடிட்டுல்லா இருக்கு."

பரீட்சை முடிந்ததும் புன்னைக்காயலுக்குப் போகிறேன். நம் ஆறு கடலில் சேரும் இடம் வரை, நீங்கள் டைரியில் கோடு போட்டு வைத்திருக்கிற அதே வழி. உங்களுக்காக ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொள்வேன். துளை ஒன்றுகூடப் போட மாட்டேன், சத்தியம்.

இரண்டு கிலோ மூட்டையோடு,
உங்கள் மகள்