உன் கார்டில் என் நம்பர்

இன்று காலை உனக்கு ஒரு போன் வந்தது. மதுராந்தகத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை பேசினார். “மேனேஜர் மேடங்களா? போன வருஷம் எங்க பசங்களுக்குச் சுவர்ல படம் வரையச் சொல்லிக் குடுத்தாங்களே, உங்க மேடம். அவங்க கார்ட பீரோவுல பத்திரமா வெச்சிருந்தேன். இந்த வருஷமும் வரணும்” என்றார். நான் வழக்கம்போல, “டைரியைப் பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல கூப்பிடறேங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை உனக்கு எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரிண்டிங் கடையில். இருவருமே விசிட்டிங் கார்டு அடிக்க வந்திருந்தோம். நான் ஆபீஸ் வேலையை விட்டு இரண்டு மாதம், நீ ஐ.டி. கம்பெனியை விட்டு நான்கு மாதம். என் பேருக்குக் கீழே மொழிபெயர்ப்பு, இயற்பியல் டியூஷன், மாமல்லபுரத்தில் சுற்றிக் காட்டுவது என்று மூன்று வரி. உன் பேருக்குக் கீழே ஓவிய வகுப்பில் தொடங்கி ஐந்து வரி. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இன்னாம்மா இது, கார்டா, கல்யாணப் பத்திரிகையா? ரெண்டு லைன எடுத்துடு” என்றார்.

“எத எடுக்கறது அண்ணாத்த? அஞ்சும் சேந்தாதான் ஒரு வேலையே ஆவுது” என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீ திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாய். “உனுக்கு எத்தினி?”

“மூணு.”

“பரவால்ல. நீ கொஞ்சம் டீசன்ட்டு.”

அந்த நாளில் எனக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது என்று உனக்குத் தெரியாது. எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால் அப்பா, “அவ லீவுல இருக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உன் வீட்டில் இன்னும் மோசம். நாற்று நட்டு உன்னைப் படிக்கவைத்தவர் உன் அம்மா. அப்புறம் சத்துணவுக் கூடத்தில் சமையல். உங்கள் குடும்பத்திலேயே முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவள் நீ. அதை நீயே விட்டுவிட்டு வந்ததும், “ஏசப்பா குட்த்த வேலைய எட்டி ஒதச்சுட்டு வந்துகீறா” என்று பாஸ்டர் வரைக்கும் புகார் போனது. அம்மா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒருநாள் சொன்னாய். “நாலு வேலைய ஒட்டவெச்சி ஓட்ற நம்ம பொழப்புக்கு இங்லீஷ்ல ஒரு பேரு கீதுடி. போர்ட்ஃபோலியோ கெரியராம். எம்மா ஸ்டைலா கீது பாரு! எங்கம்மாகிட்ட சொன்னேன். அது எந்த ஆஸ்பத்திரில பாக்கணும்னு கேக்குது.” அதற்கு அப்போது எவ்வளவு சிரித்தோம். இப்போது அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு நினைவுக்கு வந்தால் உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நம் ஆபீஸ். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சு. போன வாரம் யார் என்ன செய்தோம், யார் எங்கே அழுதோம், எல்லாம் அங்கேதான் பேசினோம். ஒருநாள் ஒரு ஓட்டல்காரர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்ட ஒப்புக்கொண்டதை அரை நாளாக நீட்டச் சொன்னார். நான் “சரிங்க சார், சரிங்க சார்” என்று குழைந்துகொண்டிருந்தேன். நீ போனைப் பிடுங்கினாய். “வணக்கம் சார், நான் அவங்க மேனேஜர் பேசறேன். மேடத்துக்கு மதியத்துக்கு மேல வேற ப்ரோக்ராம் இருக்கு. சத்தமா? ஆமா சார், ஆபீஸ் பக்கத்துல கட்டட வேலை நடக்குது.” எதிரே பட்டறையில் கல் அறுக்கும் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பேசுவாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நமக்காக நாம் பேச வராது, ஒருத்திக்காக இன்னொருத்தி என்றால் வாய் தானாக வருகிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தோம். அடுத்த தடவை கார்டு அடித்தபோது என் கார்டில் உன் நம்பர், உன் கார்டில் என் நம்பர். கடைக்காரர் தப்பாக வந்துவிட்டது என்று பதறிப்போனார். எந்த வேலை வந்தாலும் மற்றவள்தான் பேசுவாள். ஒப்புக்கொள்வதும் தள்ளிவிடுவதும் அவள் பொறுப்பு.

அதோடு விட்டிருக்கலாம். நீ ஒரு சட்டமும் போட்டாய். ஒரு கல்லூரியில் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். மேடை என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “முடியாதுன்னு சொல்லிடு” என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ அவர்களிடம் “மேடம் சந்தோஷமா வருவாங்க” என்று சொல்லிவிட்டு வந்து பஜ்ஜி தின்றாய். நான் கத்தியதில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. “பயத்துல வேணாம்னு சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன். நீயும் எடுத்துக்காத. சொல்ட்டேன்” என்றாய். போனேன், பேசினேன், அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியது நீ. இன்று நான் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிறேன் என்றால் அந்தச் சட்டத்தால்தான்.

உனக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

கோடை விடுமுறை. கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் குழந்தைகளுக்கு ஐந்து நாள் ஓவிய முகாம். பெரிய இடம், அங்கே ஒருமுறை நுழைந்தால் வருடம் முழுக்கக் கூப்பிடுவார்கள். “இந்த தபா வேணாம்னு சொல்லிடுடி” என்றாய். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெரிய இடம் என்று பயப்படுகிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன் பாணியிலேயே போனை எடுத்து, “மேடம் சந்தோஷமா வருவாங்க” என்றேன். உன்னை மடக்கிவிட்ட பெருமை வேறு. நீ கொஞ்ச நேரம் பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். “ஒத்துகினியா? சரி. போய்ட்டு வரேன்” என்றாய்.

மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை வைக்காமல் நின்றாய். “கிழவியாயிட்டியா?” என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாய். முகாம் முடிந்த மறுநாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் மாதக்கணக்காகப் பழுதாகிக்கொண்டே இருந்ததாம். வெளியே தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அம்மாவிடம்கூட மறைத்திருக்கிறாய். அந்த ஐந்து நாளால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறை கேட்டதால் சொன்னார்.

நீயும் சொன்னாய். மூக்கில் குழாயோடு, “அழுவாதடி, பேஜாரா கீது. நீ வேணாம்னு சொல்லிருந்தாலும் நானே போன் போட்டுப் போயிருப்பேன்” என்றாய். இது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்க நினைத்து வெளியே நின்றுகொண்டிருந்த அன்றைக்கு விடியற்காலையில் நீ போய்விட்டாய்.

எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டு அந்தத் தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டேன்.

“மேடம் வர மாட்டாங்கம்மா” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீங்க. நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். நீங்க சொன்னா அவங்க தட்ட மாட்டாங்க.”

“இல்லம்மா. மேடம் தவறிட்டாங்க” என்றேன். அவர் மெதுவாக, “அந்தச் சுவர இந்த வருஷம் வெள்ளையடிக்க வேணாம்னு சொல்லிடறேன்” என்றார். உனக்காக நான் தள்ளிவிட்ட ஒரே வேலை இதுதான்.

அழுது முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. திரையில் உன் பெயர். உன் போனை உன் அம்மாதான் வைத்திருக்கிறார். நான் கார்டை மாற்றவில்லை. பையில் இருப்பதெல்லாம் உன் நம்பர் போட்ட கார்டுதான். அதனால் எனக்கு வரும் வேலையெல்லாம் இப்போது உன் அம்மாவுக்குத்தான் போகிறது. யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, காலேஜுல இருந்து கூப்டாங்க. ரெண்டு நாளு வேலையாம்.”

“ஒத்துக்கிட்டீங்களாம்மா?”

“அதெப்டி? உன்ன கேட்டு சொல்றேன்னு வெச்சுட்டேன். தொண்ட ஏன் கம்மிகீது? நாஸ்தா துன்னியா? ஒடம்பு எப்டி கீது? நெசத்த சொல்லு, அப்பால அவங்களாண்ட பேசறேன்.”