மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் என் பேத்தி வாயாடியும் நலம் என்று போன வாரம் போனில் சொன்னாய். மற்ற இரண்டு பேரைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, உன் நலத்தை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் கேட்கலாம் என்றால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என் காதில் விழும்படி முனகுகிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. போன மாதம் வந்த குழாய் ரிப்பேர்காரன் வாஷரை மாற்றவே இல்லை, பழையதையே துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்பது என் கணிப்பு. "உங்களுக்கு யாரைப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்" என்கிறாள் அம்மா. சோப்புக் கம்பெனி கேட்டில் கடைசி ஒன்பது வருஷம் நின்று, போகிறவன் வருகிறவன் பையை எல்லாம் திறந்து பார்த்தவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

வாயாடியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று போன வருஷம் நீங்கள் சொன்னபோது முதலில் மருமகளைத்தான் சந்தேகப்பட்டேன், மணி அடிக்காமல் வரிசையில் நிற்காமல் ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும் என்று. அப்புறம் அந்தக் குழுவைச் சந்தேகப்பட்டேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பதினோரு குடும்பங்கள் வாரம் ஓர் இடத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்களாம், யார் வருகிறார்கள் என்று குறித்துவைக்க ஒரு பட்டியல்காரம்மா வேறு. வேலை நாளில் கூட்டமாக ஊர் சுற்றுவதற்குப் பெயர் படிப்பா, பெற்றவர்களுக்குப் பொழுது போகவில்லை, பிள்ளைகள் ஒரு சாக்கு என்று வாய்விட்டே சொன்னேன். மருமகள் என்னோடு வாதாடவில்லை. ஒவ்வொரு தடவையும் போட்டோ அனுப்ப ஆரம்பித்தாள், கூடவே வாயாடி எழுதும் தாளையும். பார்த்த விஷயம் மூன்று, கேட்க மறந்த கேள்வி ஒன்று எழுத வேண்டுமாம். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போய்வந்து, 'இங்கே வேலை செய்றவங்க வீட்டுல தண்ணியக் காய்ச்சித்தான் குடிப்பாங்களா?' என்று எழுதியிருந்தாள். அன்றைக்குக் குழுவின் மேல் இருந்த சந்தேகத்தில் பாதி போய்விட்டது. அவள் என் பேத்திதான் என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீயணைப்பு நிலையம், அச்சகம், தண்ணீர் நிலையம், இந்த மூன்று இடத்துப் படத்திலும் நீ இல்லை. சரி, ஆபீஸ் போயிருப்பாய். ரொட்டித் தொழிற்சாலைப் படத்தில் மட்டும் இருக்கிறாய், அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில். "லீவு போட்டேம்மா" என்று அம்மாவிடம் சொன்னாயாம். உன் தங்கை வந்திருந்தபோது படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள், அவளைச் சொல்ல வேண்டும். எல்லோர் தலையிலும் பச்சைக் காகிதத் தொப்பி, உன் தலையில் மட்டும் வெள்ளைத் துணித் தொப்பி. "காகிதத் தொப்பி தீந்து போயிருக்கும்பா" என்றாள் உன் தங்கை, சரி என்று விட்டேன். அப்புறம் தரையைப் பார்த்தேன். மஞ்சள் கோடு ஒன்று போகிறது. பதினோரு குடும்பமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, நீ அந்தப் பக்கம், அடுப்பிலிருந்து தட்டுகள் வெளியே வரும் இடத்தில் நிற்கிறாய். பார்க்க வந்தவனைக் கோட்டைத் தாண்ட எந்தத் தொழிற்சாலையிலும் விடமாட்டார்கள், முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. உன் கையில் கடிகாரமும் இல்லை, மோதிரமும் இல்லை. மோதிரம் என்றதுமே அம்மா பதறிப்போய், மருமகளோடு சண்டையோ, தனித்தனியாக இருக்கிறீர்களோ என்று ஒரு மணி நேரம் அழுது தீர்த்தாள். சந்தேகப் பிராணி என்ற பெயர் மட்டும் எனக்கு. அடியே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன்தான் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுப் போவான் என்று அவளைத் தேற்றினேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது, நல்லவேளை அவளுக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டது. மத்தியானம் போன் செய்தால் தூங்கி எழுந்த குரலில் பேசுகிறாய். கட்டட வரைபடம் போடும் அந்த ஆபீஸைப் பற்றி நான்கு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் உன் மேனேஜரை அரை மணி நேரம் திட்டாமல் போனை வைக்கமாட்டாய், இப்போது கேட்டால் "போகுதுப்பா" என்கிறாய். மேனேஜரைத் திட்டாதவன் வேலையில் இருக்கிறான் என்று நான் எப்படி நம்புவது? வாயாடியின் பள்ளியை நிறுத்தியதும் இதனால்தானா என்று யோசித்தேன், அது அதற்கு முன்பே நடந்தது, அந்தப் பழியை உன் மேல் போடவில்லை. ஆபீஸ் வேலை போய்விட்டது, ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்டு பார்க்கிறாய், எங்களுக்குத் தெரியக்கூடாது என்று மூடி மறைக்கிறாய். நான் சொல்வது தப்பாக இருந்தால் எழுது.

இரண்டு நாள் உன் மேல் கோபம் கோபமாக வந்தது. பெற்றவர்களிடம் சொல்ல முடியாத அளவுக்கு என்ன வெட்கம் என்று மனதுக்குள்ளேயே உன்னை நிறுத்திவைத்துத் திட்டினேன். மூன்றாம் நாள் மறுபடியும் படத்தை எடுத்தேன், நீ தலை குனிந்திருக்கிறாயா, முகத்தில் கூச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் கலங்கிப் போனதே தவிர கூச்சம் அகப்படவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் ரொட்டியைப் பார்க்கிறார்கள். வாயாடி மட்டும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து, விரலை நீட்டி உன்னைக் காட்டுகிறாள். நீ அவளைப் பார்த்துச் சிரிக்கிறாய். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, போனை மூடி வைத்துவிட்டேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்தபோது உங்கள் வாத்தியார் வகுப்பையே எங்கள் சோப்புக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், நினைவிருக்கிறதா? எங்கப்பாதான் அங்கே சூப்பர்வைசர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாய். உன்னிடம் அப்படிச் சொன்னது நான்தான். சாயங்காலம் வந்து, "எல்லா மிஷின்கிட்டயும் தேடினேம்பா, நீங்க ஏன் இல்ல?" என்று கேட்டாய், தலைமை ஆபீஸில் மீட்டிங் என்றேன். மீட்டிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் வருகிற செய்தியை முதல் நாளே நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு, வாளியையும் நீளப் பிரஷையும் எடுத்துக்கொண்டு சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா மூட்டை அடுக்கும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. யாரிடமோ என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசிக்கொண்டு போனாய். நீங்கள் எல்லோரும் போகும் வரை நான் வெளியே வரவில்லை. பிறகு முதுகு வலி என்று கேட்டுக்கு மாறிக்கொண்டது எனக்கு வசதியாகப் போயிற்று. உனக்கு உண்மை எப்போதோ தெரிந்திருக்கலாம், தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம், அதையும் நான் சந்தேகப்பட்டதுண்டு. உன் மகள் வந்த அன்றைக்கு நீ ஒளிந்துகொள்ளவில்லை. என்னால் முடியாததை நீ செய்திருக்கிறாயப்பா.

மருமகளுக்கும் வாயாடிக்கும் எங்கள் ஆசிகள், பட்டியல்காரம்மாவை விசாரித்ததாகச் சொல். தட்டு இழுக்கும்போது முழங்கை வரை உறை போட்டுக்கொள், அவசரத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுக்காதே. அம்மாவுக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ பதில் எழுதும்போது என்ன வேலை, எந்த ஷிப்டு என்று முதல் வரியிலேயே எழுத மறக்காதே, உனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று நானும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சோப்புக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தரை கழுவிய
உன் அப்பா