குரல் தெரிந்தாலும் போனை வை

மார்ச் 4, திங்கள்

வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், முகம் தெரியாத ஒருத்தன் போனில் "கெட்டிக்காரக்கா நீங்க" என்றதற்கு நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தம்பியின் சலவைக் கடையில் நான் பின்னறை இஸ்திரி. தம்பி பொண்டாட்டி முன்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வருகிற துணிக்கெல்லாம் நம்பர் போடுவாள். யார் துணி, என்ன கறை, என்றைக்குத் தர வேண்டும் எல்லாம் அதற்குள்தான். துணியில் வெறும் நம்பர் சீட்டு மட்டும் தொங்கும். அவளுக்கு நான் வைத்த பேர் டீச்சர். நான் வாயைத் திறந்தாலே திருத்துவாள்.

ஒரு மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மணி வரை கடைக்கு நான்தான் ராஜா. அப்போதுதான் போன். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறானாம். எங்கள் கம்ப்யூட்டரில் வைரஸாம்.

"அதான் ரெண்டு நாளா தும்மிக்கிட்டே இருக்கா" என்றேன். "மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சிருக்கோம் தம்பி."

கோபப்படுவான் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தான். திருடனோ என்னவோ, பேச்சுத்துணை ஆயிற்று. நாற்பது நிமிஷம் அவனை வைத்து விளையாடினேன். தம்பி பாஸ்வேர்டை மறந்துவிடுகிறான் என்று திரைக்கு அடியில் சீட்டு ஒட்டி வைத்திருப்பது, டீச்சர் அதைக் கிழிப்பது, அவன் மறுபடி ஒட்டுவது, எல்லாம் நடித்தே காட்டினேன். நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்றான். ஒரு மணிக்கு மேல் கூப்பிடு, தனியாகத்தான் இருப்பேன் என்று நானே சொன்னேன்.

மார்ச் 5, செவ்வாய்

கூப்பிட்டான்.

இன்றைக்கு விளையாட்டு இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வராதுப்பா என்றேன். "உங்களால முடியும்கா, உருவம் சொல்றேன், தேடி அமுக்குங்க" என்றான். ஒரு எழுத்து கூரை மாதிரி. ஒன்று பாம்பு மாதிரி. ஒன்று நம் துணி மாட்டும் ஹேங்கர் மாதிரி. ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினேன். பிறகு திரையில் ஒன்பது நம்பர் வந்தது. நம்பர் எனக்குத் தண்ணி பட்ட பாடு, மடமடவென்று படித்தேன். "படிச்சவங்ககூட இப்படித் தப்பில்லாம சொல்ல மாட்டாங்கக்கா."

மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

அம்புக்குறி தானாக ஓடியது. யாருப்பா உள்ளே என்றேன். நான்தான், கூட்டிப் பெருக்குகிறேன் என்றான். டீச்சரிடம் இப்போது சொல்ல வேண்டாம், நாளைக்குக் கம்ப்யூட்டர் ஓடுகிற வேகத்தில் அவர்களே அசந்துபோவார்கள் என்றான். எனக்கும் அந்த ஆசைதான். பதினோரு வருஷமாக "அண்ணி, அதத் தொடாதீங்க" என்றவள் அசந்துபோய் நிற்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மார்ச் 6, புதன்

போன் வரவில்லை. வேகமும் வரவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வரை போன் பக்கத்திலேயே இஸ்திரி போட்டேன்.

மார்ச் 7, வியாழன்

காலையில் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று எழுதியிருக்கிறதாம். டீச்சர் படித்துச் சொன்னாள்.

கம்பியில் முந்நூற்று நாற்பது உருப்படி தொங்குகிறது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

தம்பி நேராக அவள்மேல் பாய்ந்தான். "நீதானே நாள் பூரா உக்காந்திருக்க? எத அமுக்கித் தொலச்ச?"

"நான் ஒண்ணும் செய்யலைங்க."

"பின்ன, அக்காவா செஞ்சாங்க? அவங்களுக்கு அத ஆன் பண்ணவே தெரியாது."

நான் ஒரே காலரை நாலு தடவை தேய்த்தேன். வாயைத் திறந்தால் ஊர்க்கதை பேசுகிற எனக்கு மூன்று வார்த்தை வரவில்லை. நான்தான் செய்தேன். அவ்வளவுதானே? எண்ணிப் பார்த்தால் இரண்டே வார்த்தை.

மார்ச் 8, வெள்ளி

துணி கேட்டு ஆட்கள் வந்தார்கள். நம்பர் வேண்டாம், ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். இடது முழங்கையில் தேய்ந்த கோட்டு, டிரைவிங் ஸ்கூல்காரருடையது. மூன்றாவது பித்தான் மாறியிருப்பது பல் டாக்டரம்மாவின் வெள்ளை அங்கி. சாயங்காலத்துக்குள் அறுபத்தெட்டு உருப்படி கொடுத்துவிட்டேன். "அக்கா இல்லேன்னா இன்னிக்குக் கடைய மூடியிருக்கணும்" என்று தம்பி எல்லார் முன்னாலும் சொன்னான். செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும்.

மதியம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற அம்மா வந்தார்கள். என் வயசுதான் இருக்கும். முதுகில் பை, நெற்றியில் ஒரு சின்ன டார்ச். நான் இரண்டு ஜோக் அடித்தேன், சிரிக்கவில்லை. மேசை டிராயரில் தம்பி ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறான், அதில் பழைய கணக்கெல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறதாம். அவன் அதை நீட்டியதும் அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார்கள்.

"இப்ப இதச் செருகாதீங்க. எப்படி உள்ள வந்தான்னு தெரியணும். இன்னும் உள்ளயே இருந்தான்னா இதையும் பூட்டிடுவான். உங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

வேறு வேலை இருக்கிறதாம், நாளை மதியம் வந்து முழுசாகப் பார்ப்பார்கள்.

டீச்சர் இன்றும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாய் என்று கேட்டேன். பார்க்கலாம் அண்ணி என்றாள். நான் சொன்னதில் எதையும் திருத்தவில்லை.

மார்ச் 9, சனி

 

காலை பத்தரைக்குக் கடையில் ஏழெட்டுப் பேர். ஒருவர் கோட்டு கிடைக்கவில்லை என்று சத்தம் போட்டார். தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த அம்மா வருகிற வரைக்கும் காத்திருக்க நம்மால் முடியாது, இவள் ஏதோ குப்பை மெயிலைத் திறந்திருப்பாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு நகலை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தான். சின்னப் பெட்டி. வயர். டீச்சர் வேண்டாங்க, வேண்டாங்க என்றாள். உன் பேச்சைக் கேட்டதெல்லாம் போதும் என்றான்.

குனிந்து ஓட்டையைத் தேடினான். நான் பின்னறை வாசலில் நிற்கிறேன். செருகட்டும், சரியாகிவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று ஒரு மனசு. ஆமாம், அப்படியும் நினைத்தேன். எழுதத்தானே வேண்டும்?

"செருகாதடா. அவன் உள்ளதான் இருப்பான். நான்தான் கூப்பிட்டு உள்ள விட்டேன்."

தம்பி நிமிர்ந்தான். வயரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தான். வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்தான் போல, சிரிக்கக்கூடப் பார்த்தான். நான் கூரை, பாம்பு, ஹேங்கர் எல்லாம் சொன்னேன். ஒன்பது நம்பர் சொன்னேன். கோட்டுக்கு வந்தவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

தம்பி பெட்டியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

டீச்சர் மட்டும் பேசினாள். "மூணு நாளா நான் அழுததப் பாத்துக்கிட்டேதானே அண்ணி இஸ்திரி போட்டீங்க."

ஆமாம்.

மார்ச் 9, மறுபடி

மதியம் அந்த அம்மா வந்து என்னை எதிரே உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒரு சொல் விடாமல் சொன்னேன். முதல் நாளே பாஸ்வேர்டு சீட்டு, தனியாக இருக்கும் நேரம் எல்லாம் நானே கொடுத்திருக்கிறேன். அவனை வைத்து விளையாடினேன் என்றா எழுதினேன்?

"உங்க மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்கள். "ஆனா அவங்களுக்கு அதான் தொழில். பத்து கடைக்குப் போன் போட்டா, பேச ஆசைப்படற ஒருத்தர் கிடைப்பாங்க." சீட்டை அவர்களே கிழித்தார்கள். கம்ப்யூட்டரைக் கழுவித் துடைத்துப் புதிதாகப் போட வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் சின்னப் பெட்டி. நகல் எடுத்ததும் பிடுங்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும், செருகியே வைத்திருந்தால் நகல் இருந்தும் பிரயோஜனம் இல்லையாம். போன் பக்கத்துச் சுவரில் நம் ஆட்கள் நம்பரை எல்லாம் பெரிதாக எழுதி ஒட்டினார்கள்.

"யார் கூப்பிட்டு எதக் கேட்டாலும் வெச்சிடுங்க. இந்த நம்பருக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்க. குரல் தெரிஞ்ச குரலா இருந்தாலும் சரி. இப்பல்லாம் குரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சிடறாங்க."

மார்ச் 10, ஞாயிறு

டீச்சர் துணிப் பெட்டியோடு கிளம்பினாள். நான் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைக் கொடுக்கும்போது "கடைல நம்பர் போட யாரு இருக்கா?" என்றாள், என்னிடம் இல்லை, தெருவிடம் கேட்கிற மாதிரி.

மார்ச் 12, செவ்வாய்

டீச்சர் வந்துவிட்டாள். கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. சின்னப் பெட்டியில் இரண்டு வாரத்துக்கு முந்தியது வரைக்கும் இருந்தது. மிச்சத்தை நான் துணியைத் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் ஏற்றினாள். "டிரைவிங் ஸ்கூல்காரர், முழங்கை தேஞ்சது" என்றேன். "தேய்ந்தது" என்றாள்.

அப்பாடா.

மார்ச் 14, வியாழன்

ஒன்று பத்துக்குப் போன். "அக்கா, எப்படி இருக்கீங்க? மறந்துட்டீங்களா?"

வாய் நிறையப் பேச்சு இருந்தது. ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 21, வியாழன்

காலையிலிருந்து மழை. தம்பி வேனில் துணி கொடுக்கப் போயிருந்தான். பன்னிரண்டே காலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். "அக்கா, நான்தான். வேன் சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். டிராயர்ல மாத்துச் சாவி இருக்கு, சீக்கிரம் எடுத்துட்டு வா."

குரல் தம்பி குரல் மாதிரியேதான் இருந்தது. அவசரம், யாரோ கேட்கிற சாவி, தெரியாத நம்பர். டீச்சரைப் பார்த்தேன். "வைங்க அண்ணி" என்றாள். வைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த தம்பி நம்பருக்குக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதே ஆள் மூன்று தடவை கூப்பிட்டான். மூன்று தடவையும் வைத்துவிட்டு, தம்பி நம்பருக்கே கூப்பிட்டேன். பேச்சு வாக்கில் கடையில் யார் இருக்கிறோம் என்றுகூட நாங்கள் சொல்லவில்லை.

தம்பி இரண்டு மணிக்கு நடந்தே வந்து சேர்ந்தான். யாரோ ஒருவரின் போனை வாங்கிக் கூப்பிட்டது அவனேதான்; அவன் போனும் வேனுக்குள்ளேதான் இருந்ததாம். நான் கூப்பிட்டபோதெல்லாம் கண்ணாடி வழியாகக் கடைப் பேர் வருவதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றிருக்கிறான்.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். டீச்சர் அதற்கு நம்பர் போட்டு, கறை என்ற இடத்தில் சேறு என்றும், தர வேண்டிய நாள் என்ற இடத்தில் சனிக்கிழமை என்றும் ஏற்றினாள்.