உடையாத கியர்

செவ்வாய்க்கிழமை, இரவு

போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை.

அப்பா பழுதுபார்க்கும் அன்னாசி ஆலை மெஷினில் பெல்ட் சிக்கினால், நைலான் கியரின் பல் உடைந்து எல்லாம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது என்று முதலாளி திட்டினார். போன வாரம் அப்பா ஸ்டீல் கியர் மாட்டினார். "இனிமே உடையவே உடையாதுலா," என்று சிரித்தார்.

இன்று அதே ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாலா ஆன்ட்டியின் கை அந்த மெஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. கியர் உடையவில்லை. மெஷின் நிற்கவில்லை. இரண்டு விரல்கள் போய்விட்டன.

"பழைய கியரா இருந்தா நின்னிருக்கும். நான்தான் மாத்தினேன்னு நாளைக்குப் போலீஸ்ல சொல்லிடுறேன்," என்றார் அப்பா.

"ஐயோ, உங்களப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க," என்று அம்மா அழுதார்.

தினமும் எனக்குச் சடை பின்னிவிடுவது மாலா ஆன்ட்டிதான். அப்பா போகக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.