கப்பல் ஹோட்டலில் மாட்டியிருந்த வளையம்

ஞாயிறு, இரவு.

போன வருஷம் பிள்ளைகளோடு போன தீம் பார்க்கில் காடு மாதிரி ஒரு ஹோட்டல். பிளாஸ்டிக் குரங்கு, பொய் மழை. ஆனால் பிரியாணி நன்றாக இருந்தது. இன்று போன பார்க்கில் கப்பல் மாதிரி ஹோட்டல். தரையே ஆடுகிறது. ராயபுரத்து மீனவக் குடும்பத்துக்காரி எனக்கே ஐஸ் மீனை வறுத்து வைக்கிறார்கள்!

என் வீட்டுக்காரர் சேவியர் தட்டைத் தொடவே இல்லை. சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த மிதவை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, துன்னலையா?"

"அந்தச் சிலுவையப் பாரு."

சின்னச் சிவப்புச் சிலுவை, இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவர் தம்பி லூர்துவின் போட்டில் இருந்த வளையத்துக்கு இவர்தான் அப்படிக் கோணலாக வரைந்து கொடுத்தார். லூர்துவோடு போன அந்தப் போட்டு கடலிலிருந்து திரும்பவே இல்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அதனால் மகன் உயிரோடுதான் இருக்கிறான் என்று, இறந்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசையை லூர்துவுக்கு வைக்க மாமியார் இன்னும் விடவில்லை.

அந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று சர்வரைக் கேட்டேன். "தெர்மாகோல்மா. போன வாரம்தான் செஞ்சு மாட்னாங்க."

இவர் எழுந்து போய் அதைத் தடவினார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குது," என்றார்.

வரும் வழியெல்லாம் காடா கப்பலா என்று பிள்ளைகள் சண்டை.

"கப்பல்தான்," என்றார் இவர். "அடுத்த ஞாயித்துக்கெயம அம்மாவையும் இட்டுகினு போலாம். அதுவும் அந்த வளையத்தப் பாக்கட்டும்."