ரோகிணி கழியும் வரை

அக்கா,

பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. கருப்பட்டியும் சுக்கும் நல்லெண்ணெயில் கிண்டும் வாடை சுவர் தாண்டி வந்ததிலிருந்து கைவேலை ஓடவில்லை. "நல்ல நேரத்துலதான் பெறந்திருக்கு" என்று யாரோ வாசலில் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

தலைப்பிரசவத்துக்கு வண்ணார்பேட்டையில் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாய். துணைக்கு நானும் என் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தேன். மத்தியானம் உனக்கு வலி முற்றியபோது அப்பா வெளியே ஜோசியரோடு பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ரோகிணி நட்சத்திரம். ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். நம் தம்பியோ வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. "பொழுது சாயதுக்குள்ள ரோகிணி கழிஞ்சிரும். அதுவரைக்கும் பைய வரட்டும்" என்று அப்பா கதவுக்கு வெளியே நின்று சொன்னார். உடனே அப்பாவின் அக்கா, நம் அத்தை, உன் முழங்கால்களைச் சேர்த்துப் பழைய சேலையால் கட்டினாள்.

"தலை வந்துட்டு தாயி, இனி நிக்காது" என்றாள் மருத்துவச்சி.

"அத்தே, கட்ட அவுருங்க" என்று நான் கத்தினேன்.

"நீ வாய மூடு. ஒந்தம்பி உயிரு ஒனக்குப் பெருசில்லையா?"

அவள் அவிழ்க்கவில்லை. நீ பிடித்த பிடியில் என் கை கன்றிப்போயிற்று. ரோகிணி கழிந்தது என்று வெளியிலிருந்து சொன்ன பிறகுதான் கட்டு அவிழ்ந்தது. பிள்ளை நீலம் பாரித்து வந்தான், அழவில்லை. மருத்துவச்சி தட்டினாள், ஊதினாள், வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். வெகுநேரம் கழித்து ஒரு முனகல் வந்தது. அதற்குள் அப்பா வெளியே கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் போயும் அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மூடிய கை விரியவில்லை. கிரகணத்தன்று நீ வெளியே வந்திருப்பாய் என்றது ஊர். நீயும் அதை நம்பித் தொலைத்தாய். அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கால் நிமிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, திருச்செந்தூர்க் கடற்கரையில் அவனை இடுப்பளவு மணலில் புதைத்து நிறுத்திக்கொண்டு நீ வெயிலில் உட்கார்ந்திருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாதான் அவனைத் தொட்டுப் பார்த்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பிறக்கும்போது மூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். அதில் மூளைக்குக் கேடு வந்துவிட்டது. தாய்மேல் குற்றம் இல்லை."

திரும்பும்போது வண்டியில் நீ அவன் மூடிய கையை விரிக்கப் பார்த்துக்கொண்டே வந்தாய். பிறகு, "அப்பாட்ட சொல்லிராத. தம்பிக்காகத்தான செஞ்சாவ" என்றாய். அன்று உன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் நீயே ஒருநாள் அப்பா முன்னாலேயே அதைச் சொன்னாய். காதுகுத்துக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைக்க வேண்டும். தம்பி தள்ளி நின்றான். "காலு வெட்டி வெட்டி இழுக்கு. நான் எப்படி மடில வைக்க? வேற ஆளப் பாருங்க" என்றான். சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. நீ சத்தம் போடவில்லை.

"ஒனக்காவத்தாம்லே இவன வெளிய வர விடாமக் கட்டி வச்சாவ. செத்த நேரம் ஒக்காரு."

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தம்பி உட்கார்ந்தான். ஊசி குத்தும்போது பிள்ளை துடித்தான். குத்தி முடித்ததும் மாமன் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். தம்பி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

காய்ச்சலில் நீ போனபின் அவன் என்னிடம் இருக்கிறான். கஞ்சியைப் பையப் பைய ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். பேச்சு வராது, ஆனால் எல்லாம் தெரியும். உன் பெயரைச் சொன்னால் கதவைப் பார்ப்பான். இப்போது வளர்ந்துவிட்டான், இடுப்பில் வைத்தால் கால் என் கணுக்காலில் இடிக்கிறது. எனக்கும் முன்போல் தெம்பில்லை.

அந்த நல்ல நேரத்துக்கு ஜோசியர் கணித்த ஜாதகத்தில் தீர்க்காயுசு என்று போட்டிருக்கிறது. அது ஒன்று மட்டும் பலித்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் அவன் எழுந்து நடக்க வேண்டும் என்று கும்பிடுவேன். இப்போது, எனக்கு முந்தி அவன் போய்விட வேண்டும் என்று கும்பிடுகிறேன். பெற்றவள் நீ, என்னைக் கோபித்துக்கொள்ளாதே.